கடைசியா என்ன தொட்டீங்க?

ரிப்பேருக்கு வந்ததும் மேடம் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். எல்லாருக்கும் அவர்மேல் முதல் எரிச்சல் அதுதான். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்துவார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் இருக்கிற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

"கடைசியா என்ன தொட்டீங்க?"

எந்த வீட்டிலும் இதற்கு ஒரே பதில்தான். "யாரும் எதையும் தொடலைங்க. தானா நின்னுபோச்சு."

"யார் தொட்டதுன்னு நான் கேக்கலைங்க. ஆள் பேரு எனக்கு வேண்டாம். என்ன தொட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். காபி கொடுத்தால் "அப்புறம்" என்பார். பதில் வரும்வரை அந்தக் கை மவுஸ் பக்கம் போகாது. போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தால்கூட வீட்டில் அவ்வளவு புழுக்கம் இருக்காது. இத்தனைக்கும் அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

நன்னிலத்திலிருந்து கும்பகோணம் வரைக்கும் உள்ள வீடுகளில் பழைய கம்ப்யூட்டரையும் புதிய கம்ப்யூட்டரையும் பேசவைப்பதுதான் அவர் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இருந்தார்கள். ஆனால் பல வீடுகளில் தூக்கிப்போட முடியாத கிழடு ஒன்று மூலையில் உட்கார்ந்திருக்கும். அதில் மட்டும் ஓடுகிற ஏதோ ஒன்றை நம்பித்தான் வீடு நடக்கும். பிள்ளைகள் யாராவது ஒரு புது லேப்டாப் வாங்கி வருவார்கள். ஒரே வைஃபை, ஒரே கூரை, இருந்தும் ஒன்று வைத்திருக்கிற பைலை மற்றொன்றால் எடுக்க முடியாது. அப்போது அவரைக் கூப்பிடுவார்கள். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். சாயம் போன சுடிதார், தோளில் நீலக் கேபிள் சுருள். எல்லாரும் மேடம் என்றார்கள், நாங்களும் மேடம் என்றோம். பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது அந்த நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது கும்பகோணத்தில், ஒரு ஜோசியர் வீட்டில். என் ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அம்மா என்னை இழுத்துப் போயிருந்தாள். ஜோசியரிடம் இரண்டு கம்ப்யூட்டர். ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் பழையதில் இருந்தது. பிரிண்டர் புதியதில் மாட்டியிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து பழையது புதியதற்குள் நுழைய முடியவில்லையாம். கூடத்தில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் குறிக்க வந்தவர்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்க வந்தவர்கள். ஜோசியர் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டிருந்தார். நடுவில் மேடம், மடியில் ஹெல்மெட்டோடு.

"நான் எதையும் தொடலைம்மா. இது கிரகம் பாக்கற இடம். இங்க பொய் சொல்லுவேனா?"

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போனார். இன்னொருவரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார். ஜோசியர் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்தது. கடைசியில் குனிந்து அவர் காதருகே சொன்னார். முன்வரிசையில் இருந்த எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"தேதியப் பின்னால தள்ளி வச்சேன்."

சங்கதி இதுதான். சோதித்துப் பார்க்கக் கொடுத்த சாஃப்ட்வேர் அது. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஓடாது. ஆகவே மனிதர் பழைய கம்ப்யூட்டரின் தேதியைச் சில வருடங்கள் பின்னால் தள்ளி, அதை அங்கேயே குடிவைத்துவிட்டார்.

"அதாங்க," என்றார் மேடம், தணிந்த குரலில். "இது ஒரு தேதி சொல்லுது, அது ஒரு தேதி சொல்லுது. பாஸ்வேர்டு சரியா இருந்தாலும், வந்திருக்கறது திருடனோன்னு புதுசு கதவைச் சாத்திக்கிச்சு. ரெண்டும் ஒரே நாள்ல இருந்தாத்தான் உள்ள விடும். தேதிய மாத்தறேன். மாத்தினா உங்க சாஃப்ட்வேர் நின்னுடும். மாத்தட்டுமா, நீங்களே சொல்லுங்க."

ஊருக்கெல்லாம் நாள் நட்சத்திரம் குறித்துக் கொடுக்கிறவர் வீட்டுக் கம்ப்யூட்டர் எந்த வருடத்தில் இருக்கிறது பார் என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மேடம் திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கம்மா. வாயத் தொறந்து சொல்லிட்டாரு இல்ல. எத்தனை வீட்டுல சொல்றாங்க?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கிளம்பும்போது அவர் நம்பரை என்னை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அக்காவுக்கு ஆகும் என்றாள். அந்த நேரத்தில் அவள் மனதில் அக்காவுக்கு நல்லதுதான் இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வந்தபோது அவள் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அத்தான் கை நீட்டுகிறவர். முதலில் கோபம் வந்தால் அடிப்பார். பிறகு கோபம் வராமலே அடித்தார். அக்கா ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். படித்த தையல் கைகொடுத்தது. திருவாரூரில் மூடிவிட்ட கடையிலிருந்து பழைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றைப் பிடித்து, கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மயிலும் மாங்காயும் போட ஆரம்பித்தாள். மெஷினை ஓட்டுவது அதோடு வந்த கிழட்டுக் கம்ப்யூட்டர். டிசைன் வரைவது அவளுடைய லேப்டாப்பில். பென் டிரைவில் எடுத்துப்போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஐப்பசி இடியில் கிழட்டின் யுஎஸ்பி துளைகள் எல்லாம் செத்துப்போயின. நெட் கேபிள் ஒன்றுதான் மிச்சம்.

மேடம் வந்து இரண்டையும் இணைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்வார். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பொருளில் எதையும் மாற்றக்கூடாது என்பார்.

"பழசுக்குத் தெரிஞ்ச பேச்சைப் புதுசு இப்பப் பேசறதில்ல. அதுல திருட்டுப் பயலுக நுழைய வழி இருக்குன்னு நிறுத்திட்டாங்க. உங்களுக்கு வேற வழியில்லாததால தொறந்து விடறேன். அதுக்குப் பதிலா பழசுக்கு வெளி நெட்டே கிடையாது, வீட்டுக்குள்ள மட்டும்தான். இப்ப பாருங்க, இந்த லேப்டாப்பு கேக்குது, இது உன் வீடா, பொது இடமான்னு. வீடுன்னு சொன்னாத்தான் பைலைக் குடுக்கும். பஸ் ஸ்டாண்டு மாதிரி பொது இடம்னு சொல்லிட்டா எல்லாத்தையும் பூட்டிக்கும். வீடுன்னு சொல்றேன்."

அக்கா, நான், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, மூன்று பேரும் கேட்டோம். அரைமணியில் உள்ளறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

அந்த இணைப்பு முதல் தடவை நின்றது லேப்டாப் அப்டேட் ஆனதால். அந்தப் பழைய பேச்சு மறுபடியும் அணைந்துபோயிருந்தது. மேடம் வந்தார், கேட்டார், "ராத்திரி அதுவா அப்டேட் ஆச்சு மேடம்" என்று அக்கா சொன்னாள், சரிசெய்துவிட்டுப் போனார். அதில் வம்பில்லை. இரண்டாவது தடவைதான் சிக்கல். கேள்வி கேட்டார். யாரும் தொடவில்லை என்றோம். அன்றைக்கு ஒரு ஆர்டர் கைநழுவுகிற நிலைமை, அக்கா அழுதுவிட்டாள். அந்த அழுகைக்காக மேடம் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்து லேப்டாப்பைத் தானே திறந்து பார்த்தார். வீடு பொது இடம் ஆகியிருந்தது.

"இது அப்டேட்டுல மாறினதா எனக்குத் தோணலை," என்று மட்டும் சொன்னார். மாற்றிக் கொடுத்தார். ஆனால் அந்த ஆர்டர் போய்விட்டது. வாசலில் ஸ்கூட்டியை எடுக்கும்போது என்னிடம், "காரணம் சொல்லாம நின்னுபோன பேச்சு ஒண்ணு எங்க வீட்டுலயும் இருக்கு," என்றார். அவர் கணவர் மஸ்கட்டில் என்றும், போன் வருவதில்லை என்றும் ஊரில் பேச்சு. "என்ன தப்புன்னு தெரிஞ்சா சரிபண்ணியிருப்பேன். தெரியாதது எப்படிம்மா சரிபண்றது?" பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

மூன்றாவது தடவை நின்றபோது அவரைக் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் நடந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அங்கே மருமகள் லேப்டாப்பில் இருக்கிற படங்கள் மாமனார் கம்ப்யூட்டரில் வருவது நின்றுவிட்டது. மேடம் உட்கார்ந்தார், கேட்டார், காத்திருந்தார். கடைசியில் மருமகள் வெடித்துவிட்டாள். "நான்தான் பாஸ்வேர்டை மாத்தினேன். என் போட்டோவையெல்லாம் இவரு தொறந்து தொறந்து பாக்கறாரு." அந்த வாரமே அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ரிப்பேருக்கு வந்தவள் குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று பேசினார்கள். படம் பார்த்த பெரிய மனுஷரைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவங்க வேண்டாம். வேற யாரையாவது பாரு," என்றாள் அம்மா.

"இன்னைக்கு வேற யாரம்மா வருவா?" என்றாள் அக்கா.

அன்றைக்கு என்ன நாள் என்றால், அத்தானுடைய பெரியப்பா எங்கள் வீட்டுக்குப் பேச வருகிற நாள். அக்காவை அழைத்துப்போகத்தான் வருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் திருவாரூர்க் கல்யாணப் பெண் ஒருத்திக்கு ஜாக்கெட் கொடுத்தாக வேண்டும். மறுநாள் அவளுக்கு முகூர்த்தம். அப்பா சம்பா அறுப்பை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். காலையிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"போன ஆர்டரும் போச்சு. இதையும் கோட்ட விட்டீன்னா, எதச் சொல்லி உன்ன இங்க வச்சுப்பேன்? அவரு கேட்டா என்ன சொல்லுவேன்? தொழிலு ஓடுதுன்னு சொல்லறதுக்குத் தொழிலு ஓடணும்ல?"

அக்கா மேடத்துக்குப் போன் போட்டாள்.

மேடம் வந்து உட்கார்ந்தார். ஹெல்மெட் மடிக்குப் போனது.

"கடைசியா என்ன தொட்டீங்க?"

"யாரும் தொடலைம்மா," என்றார் அப்பா.

"போன தடவை நானே தேடி எடுத்துக் குடுத்தேன். அது என் தப்பு. இன்னைக்கும் குடுப்பேன், அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கு மறுபடியும் நிக்கும். தினமும் நான் வர முடியுமா? சொல்லுங்க."

அப்பாவின் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு, "குடவாசல் தாண்டிட்டாங்களாம்," என்றார்.

அக்கா உள்ளறை வாசலில் நின்றாள். சிவப்புப் பட்டுத்துணி மெஷினில் மாட்டியபடி இருந்தது. ஒரு கை முழுவதும் மயில் இருந்தது, மறு கையில் ஒரு தையல்கூட இல்லை. அந்தக் கைக்கான டிசைன் லேப்டாப்பில் இருக்கிறது. லேப்டாப் அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் இருக்கிறது. இடையில் பத்தடி தூரம். போய் நானே அதை நோண்டிவிடலாமா என்று பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கால் நகரவில்லை.

"ஏம்மா, வந்த வேலையப் பாக்க மாட்டீங்களா?" என்று அம்மா சத்தம் போட்டாள். "வீட்டுக்கு ஆளு வர்ற நேரம். இது என்ன விசாரணையா? எந்த வீட்டுக்குப் போனாலும் கலகம் பண்ணிட்டுத்தான் எந்திரிப்பீங்களா?"

மேடத்தின் முகம் மாறியது. தலைமையாசிரியர் வீட்டுக் கதை அவர் காதுக்கும் போயிருக்கும். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை.

"ஆள் பேரு வேண்டாம்மா," என்றார். "என்ன தொட்டீங்கன்னு மட்டும் போதும்."

அப்போதுதான் கவனித்தேன். இந்தத் தடவை அவர் எல்லாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக் கேட்டார். யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க அவர் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது.

அம்மா அடுப்படிக்குள் போனாள். ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொது இடம்னு மாத்தினேன்," என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் போனில் அலாரம் வைக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவள்.

"இவங்கதான் சொல்லிச் சொல்லிப் பண்ணாங்களே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். போன தடவையும் நான்தான்." அக்காவை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ரெண்டு வரன் வந்து தட்டிப்போச்சு. மூத்தவ ஏன் வீட்டுல இருக்கான்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது? இது ஓடலைன்னா அவ போயிடுவா. அவ போனா உனக்கு ஒரு வழி பொறக்கும். அவன் என்ன தினமுமா அடிக்கிறான்? எல்லாம் கொஞ்ச நாள்ல சரியாப்போயிடும்னு நெனச்சேன்."

அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெறுமனே நின்றாள். யாரோ பலமாகத் தள்ளிவிட்டது போல ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். பெற்றவள் செய்த காரியத்தைவிட, அது எனக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் என்னைச் சுட்டது. அம்மாமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் யார்மேலும் உணர்ந்ததில்லை.

"அவ கன்னத்துல இருந்த தடம் மறையறதுக்கு எத்தனை நாளு ஆச்சு, பாத்தியா நீ?" என்று கத்தினேன். "என் பேரைச் சொல்லி அவள அங்க அனுப்பாதே. அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டவே வேண்டாம்."

மேடம் எழுந்தார். மாற்றப்போகிறார் என்று நினைத்தேன். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்கு முன்னால் போட்டார்.

"நீங்களே உக்காருங்கம்மா," என்றார் அம்மாவிடம். "மாத்தத் தெரிஞ்சவங்களுக்குத் திருப்பி வைக்கவும் தெரியும். நான் மாத்தினா அது இன்னைக்கு மட்டும்தான் ஓடும்."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஜோசியர் வீட்டில் பேசியபோது இருந்த அதே தணிந்த குரல்தான். அம்மா நகரவில்லை. அப்பா எழுந்து வாசலைப் பார்த்தார், உட்கார்ந்தார். தெருமுனையில் ஹாரன் சத்தம். அது வேறு வண்டி.

அம்மா வந்து உட்கார்ந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மவுஸைப் பிடித்தாள். அம்பு ஒரு இடத்தில் நிற்காமல் தாண்டித் தாண்டிப் போனது. யாரும் உதவவில்லை. எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் மேடம் நின்று பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அம்மா சரியான இடத்துக்குப் போனாள். அங்கே போய் நிறுத்திவிட்டாள். திரும்பி, முதல் தடவையாக, அக்காவைப் பார்த்தாள்.

"ரொம்ப அடிச்சானாடி?" என்று கேட்டாள்.

இத்தனை மாதங்களில் வீட்டில் ஒருத்தரும் அக்காவிடம் அதைக் கேட்டதில்லை. என்ன சமைத்தாய், ஏன் எதிர்த்துப் பேசினாய் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் கேட்கவில்லை.

"ஆமாம்மா," என்றாள் அக்கா.

அம்மா அழுத்தினாள். வீடு என்று மாறியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் முக்கியது, முனகியது, பிறகு பைலை எடுத்துக்கொண்டது. மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். காபி போடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, இன்னொரு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றார். அங்கேயும் யாரும் எதையும் தொடவில்லையாம்.

அவர் படியிறங்கும்போதே கார் வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் பழப்பை, முகம் நிறைய நல்லெண்ணம். அப்பா கும்பிட்டுக்கொண்டு ஓடினார். பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து மேல்துண்டால் விசிறிக்கொண்டே அம்மாவைப் பார்த்து, "பொண்ணு ரெடியா இருக்காளாம்மா? ராகுகாலத்துக்கு முன்னாடி கெளம்பிடலாம்," என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ வேலையா இருக்காண்ணே."

"இருக்கட்டும், முடிச்சுட்டு வரட்டும்."

"முடிச்சுட்டும் வரமாட்டாண்ணே," என்றாள் அம்மா. "காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க."